செல் நுண்ணுறுப்புகள்: எந்த வரிசையில் படித்தால் குழம்பாது

பிளஸ் ஒன் உயிரியலில் செல் பாடம் வந்ததும் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து, செல்லுக்குள் தனித்தனி வேலை செய்யும் ஒவ்வொரு நுண்ணுறுப்புக்கும் நான்கு வரி மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். மாதத் தேர்வுக்கு அது போதும். நீட் மாதிரித் தேர்வில் "இவற்றுள் உட்சவ்வுத் தொகுதியில் சேராதது எது?" என்று கேட்டால்தான் கை நின்றுபோகும். வடசென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து மாலை டியூஷனுக்கு வருபவர்களில் நன்றாகப் படிக்கிறவர்கள்கூட இதே இடத்தில் தடுக்கி விழுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்கள் படித்த வரிசைதான் பெரும்பாலும் காரணம். அளவு தெரியாமல் படம் வரைகிறார்கள், எதையும் கண்ணால் பார்க்காமல் பெயர் படிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். தனியாகப் படிப்பவர்களுக்கும், தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு முழு சார்ட், அடிக்கோல், பென்சில், மூன்று நிறப் பேனா. ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும் பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மெத்திலீன் புளூவுக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன் மருந்தாக அதைத்தான் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். தொட்டியில் போடும் ஹைட்ரில்லா செடியையும் அங்கேயே கேளுங்கள். அயோடின் கரைசலும் நுண்ணோக்கியும் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டு ஒரு பிற்பகல் வாங்கிக்கொண்டால் போதும்.

தலையில் இருக்க வேண்டியவை மூன்று. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. டிஎன்ஏவில் உள்ள செய்தி ஆர்என்ஏவாக நகலெடுக்கப்பட்டு, அதைப் படித்துத்தான் புரதம் கட்டப்படுகிறது. சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளும் அவற்றில் பதிந்த புரதங்களும். இதில் எது தடுமாறினாலும் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் நான்காவது படியில் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள்.

2. முதலில் அளவு

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரோமீட்டர், ஒரு மைக்ரோமீட்டரில் ஆயிரம் நானோமீட்டர். இதைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சொல்வார்கள். ரைபோசோம் பெரியதா மைட்டோகாண்ட்ரியா பெரியதா என்றால் சரியாகச் சொல்வார்கள். எத்தனை மடங்கு என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

அதனால் சார்ட்டை விரித்து, ஒரு மைக்ரோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிய படம் இது. 20 மைக்ரோமீட்டர் விலங்கு செல் 20 சென்டிமீட்டர் வட்டமாக வரும். உட்கருவை 6 சென்டிமீட்டருக்குப் போடுங்கள். மைட்டோகாண்ட்ரியா அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். லைசோசோம் அரை சென்டிமீட்டர். சென்ட்ரியோல் இரண்டு மில்லிமீட்டர் அகலம், ஐந்து மில்லிமீட்டர் நீளம்.

ரைபோசோம்? 25 முதல் 30 நானோமீட்டர், அதாவது சார்ட்டில் கால் மில்லிமீட்டர். கூராகச் சீவிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாலே அதைவிடப் பெரிதாகிவிடும். சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான் என்பதால் அதற்கு இந்த சார்ட்டில் கோடே கிடையாது. புத்தகத்தில் உட்கரு உறையை இரண்டு தடித்த கோடாகப் போடுவது நமக்குப் புரிவதற்காக. அளவுக்கு வரைந்தால் அந்த இரண்டு சவ்வும் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும்.

பசுங்கணிகம் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரும். இதைப் போட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அதுவரை அதை மைட்டோகாண்ட்ரியா அளவுக்கே வரைந்திருப்பார்கள். வெங்காயத் தோலின் செல்லை இதே கணக்கில் போட மூன்று மீட்டர் சார்ட் வேண்டும், அது 300 மைக்ரோமீட்டர் வரை நீளும்.

3. கண்ணால் பார்க்க முடிந்ததை மட்டும் பாருங்கள்

எதைப் பார்க்க முடியும், எதை முடியாது என்று அறிவதுதான் இந்தப் படியின் வேலை. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 200 நானோமீட்டருக்குக் கீழே இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். லென்ஸ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒளியின் அலைநீளம் அதற்குமேல் விடாது.

வெங்காயம்: உள்பக்கம் குழிந்திருக்கும் பரப்பிலிருந்து தோலை உரியுங்கள். வெளிப்பரப்பில் உரித்தால் சதையும் சேர்ந்து வந்து ஒளி புகாது. ஒரு சொட்டு அயோடின் விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாகப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழ் சேரும். ஓரம் கறுப்பாக, வட்டமாக இருக்கும் அந்தக் குமிழைக் காட்டி "உட்கரு தெரிகிறது" என்று சொல்லாதவர்கள் குறைவு. உண்மையான உட்கரு மஞ்சள் கலந்த பழுப்பில், பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி இருக்கும். நடுவிடத்தைப் பெரிய நுண்குமிழ் (வாக்குவோல்) பிடித்துக்கொண்டதால்தான் அந்த ஒதுக்கம். பசுங்கணிகம் இதில் தெரியாது. தாவர செல் என்றாலே பச்சை என்று நினைத்துத் தேட வேண்டாம்.

ஹைட்ரில்லா: ஒரு இளம் இலையை அப்படியே தண்ணீர்ச் சொட்டில் வையுங்கள். இலை இரண்டு செல் தடிமன்தான் என்பதால் வெட்டத் தேவையில்லை, சாயமும் வேண்டாம். வெளிச்சத்தில் சில நிமிடம் விட்டால் பசுங்கணிகங்கள் சுவரை ஒட்டி ஊர்வலம் போவது தெரியும். இங்கே கண்ணை எடுக்காமல் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். அவை ஏன் நடுவே குறுக்காகப் போவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். நிறமில்லாததால் நேரடியாகத் தெரியாத நுண்குமிழ், அந்தச் சுற்றுப்பாதையால் தெரிந்துவிடும்.

கோழி ரத்தம், ஆட்டு ரத்தம்: இதைப் புத்தகம் சொல்லாது, ஆனால் கறிக்கடை இருக்கும் தெருவில் சுலபமாகச் செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரில் நாலரை கிராம் உப்பு கரைத்து, அதில் கொஞ்சம் சின்ன பாட்டிலில் கொண்டுபோங்கள். ஒரு பாட்டிலில் கோழி ரத்தம் ஒரு சொட்டு, இன்னொன்றில் ஆட்டு ரத்தம் ஒரு சொட்டு. வெறும் தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து செல் வெடித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மெத்திலீன் புளூவைச் சேர்த்துப் பார்த்தால் கோழி ரத்தத்தில் நீள்வட்ட செல்லும் நடுவில் நீல உட்கருவும் தெரியும். "சார், ஆட்டு ரத்தத்துல ஒண்ணுமே தெரியலையே" என்று குரல் வரும். சரியாகத்தான் பார்க்கிறார்கள். பாலூட்டியின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. போதாததற்கு ஆட்டின் சிவப்பணு மிகச் சிறியது, மனிதனுடையதில் பாதி அகலம்கூடத் தேறாது. கோழி கிடைக்காவிட்டால் காசிமேட்டில் அன்று இறங்கிய மீனின் செவுள் ரத்தமும் ஆகும், மீனின் சிவப்பணுவிலும் உட்கரு உண்டு. ஐஸில் கிடந்த மீன் வேண்டாம், செல்கள் உடைந்திருக்கும். மனித ரத்தத்துக்காக விரலைக் குத்திக்கொள்ள வேண்டாம்.

நோட்டில் எழுதும்போது பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு எண்டோபிளாச வலையையும் கோல்கையையும் வரைந்து வைக்கும் பழக்கம் பல ரெக்கார்டு நோட்டுகளில் இருக்கிறது. 400 மடங்கில் அவை தெரியவே தெரியாது. மைட்டோகாண்ட்ரியா 200 நானோமீட்டரைத் தாண்டியதுதான், ஆனால் நிறமில்லாதது. ஜேனஸ் கிரீன் போன்ற சாயம் ஏற்றினால்தான் பிடிபடும்.

4. ஒரு புரதத்தைப் பின்தொடருங்கள்

பாடத்தின் பாதி இந்த ஒரு படியில் முடிந்துவிடும். உட்கரு, ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை என்று தனித்தனியாகப் படிக்காமல், ஒரு புரதம் போகும் வழியில் எதெது எதிர்ப்படுகிறதோ அதை அங்கேயே படியுங்கள். நான் இன்சுலினை எடுத்துக்கொள்வேன். வீட்டுக்கு ஒரு சர்க்கரைக்காரராவது இருப்பதால் பெயர் பழக்கமானது.

கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் மரபணு உட்கருவுக்குள் இருக்கிறது. அதன் நகலான தூது ஆர்என்ஏ, உட்கரு துளை வழியாக வெளியே வருகிறது. டிஎன்ஏ வெளியே வருவதில்லை. இந்தத் துளைக்கு உள்ளே போகிற போக்குவரத்தும் உண்டு. ரைபோசோமின் புரதங்கள் சைட்டோபிளாசத்தில் செய்யப்பட்டு உட்கருவுக்குள் இருக்கும் உட்கருமணிக்குப் போய், அங்கே ரைபோசோம் ஆர்என்ஏவோடு சேர்ந்து துணை அலகுகளாகத் திரும்பி வருகின்றன.

வெளியே வந்த தூது ஆர்என்ஏவைச் சைட்டோபிளாசத்தில் தனியாக இருக்கும் ஒரு ரைபோசோம் பிடித்துப் படிக்கத் தொடங்குகிறது. முதலில் வெளிவரும் 24 அமினோ அமிலங்கள்தான் முகவரி. இந்த அடையாளத் துண்டு தலையை நீட்டியதும், ஒரு துகள் அதைப் பற்றி, ரைபோசோமை எண்டோபிளாச வலையின் சவ்வுக்குக் கூட்டிப்போகிறது. சங்கிலி வளர வளர வலைக்குள்ளேயே இறங்குகிறது.

இங்கேதான் மிகப் பொதுவான தவறு. வலையில் ஒட்டியிருக்கும் ரைபோசோம் ஒரு வகை, தனியாக இருப்பது இன்னொரு வகை என்று எழுதுகிறார்கள். ரைபோசோம் ஒன்றேதான். எந்தப் புரதத்தைச் செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒட்டும், வேலை முடிந்ததும் விலகிவிடும். ஹீமோகுளோபின் போல செல்லுக்குள்ளேயே தங்கும் புரதங்களில் அந்த அடையாளத் துண்டு இல்லை, ஆகவே அந்த ரைபோசோம்கள் கடைசிவரை தனியாகவே இருக்கின்றன.

சொரசொரப்பான எண்டோபிளாச வலைக்குள் முகவரித் துண்டு வெட்டப்படுகிறது. 110 அமினோ அமிலமாக இருந்தது 86 ஆகிறது. சங்கிலி மடிந்து, மூன்று டைசல்பைடு பிணைப்புகள் உருவாகின்றன. அப்புறம் ஒரு குமிழில் ஏறி கோல்கைக்கு. கோல்கையின் உருவாகும் முகம் வலையைப் பார்த்திருக்கும், முதிரும் முகம் பிளாஸ்மா சவ்வைப் பார்த்திருக்கும். படத்தில் திருப்பிப் போட்டால் மதிப்பெண் போகும். கோல்கையை விட்டுக் கிளம்பும் சுரப்புத் துகளுக்குள் நடுவிலிருந்து 31 அமினோ அமில சி-பெப்டைடு வெட்டி எடுக்கப்படுகிறது. முடிவில் 21ம் 30ம் கொண்ட இரண்டு சங்கிலிகள், ஆக 51. கணக்குப் போட்டால் நான்கு குறையும், வெட்டும் இடங்களில் அவை கழிந்துவிடுகின்றன. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில சமயம் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சி-பெப்டைடு பரிசோதனை இந்தத் துண்டை அளப்பதுதான். இன்சுலினோடு சம அளவில் வெளிவருவதால், உடல் தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அதை வைத்துச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை: கோல்கையின் முக்கிய வேலையாகச் சர்க்கரைத் தொடர் சேர்ப்பதைப் படிப்பீர்கள். இன்சுலினில் அது நடப்பதில்லை. அதற்கு எதிர்ப்புப் பொருளையோ சளியில் உள்ள மியூசினையோ உதாரணமாக எழுதுங்கள்.

வழவழப்பான எண்டோபிளாச வலை இந்த வழியில் வராது. தனியாக நினைவில் வைக்க வேண்டியது அது: கொழுப்பு, ஸ்டீராய்டு தயாரிப்பு, கல்லீரலில் நச்சு நீக்கம், தசையில் கால்சியம் சேமிப்பு.

5. அதே கோல்கையிலிருந்து பிரியும் கிளை: லைசோசோம்

கோல்கையில் சில நொதிகளின் மேல் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற அடையாளம் பதிகிறது. அது உள்ளவை வெளியே போகாமல் லைசோசோமுக்குத் திரும்புகின்றன. நான்காவது படி புரிந்தால் இது ஒரு வரி.

'தற்கொலைப் பை' என்ற பெயரைப் படித்துவிட்டு, லைசோசோம் வெடிப்பதற்காகவே காத்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். அதன் தினசரி வேலை, விழுங்கியதையும் பழுதான நுண்ணுறுப்புகளையும் செரித்து, பாகங்களைத் திருப்பித் தருவது. உள்ளே பிஹெச் 5க்குப் பக்கம், வெளியே சைட்டோபிளாசத்தில் 7க்குச் சற்று மேல். ஒன்றிரண்டு உடைந்தாலும் அந்த நொதிகள் வெளியே சரியாக வேலை செய்யாது. ஒரே ஒரு நொதி பிறவியிலேயே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பாம்ப்பே (Pompe) நோய் உதாரணம்: கிளைக்கோஜன் செரிக்கப்படாமல் லைசோசோம்களிலேயே குவிந்து தசையைக் கெடுக்கிறது.

6. வழியில் வராதவை: மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம், பெராக்ஸிசோம்

இப்போது சார்ட்டில் உட்கரு உறை, எண்டோபிளாச வலை, கோல்கை, லைசோசோம், நுண்குமிழ் ஆகியவற்றை ஒரே நிறத்தில் இணையுங்கள். குமிழ்களால் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் இந்தக் கூட்டம்தான் உட்சவ்வுத் தொகுதி. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பசுங்கணிகத்துக்கும் வேறு நிறம் கொடுங்கள். அவற்றுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை சைட்டோபிளாசத்தில் தனியாக இருக்கும் ரைபோசோம்களில் செய்யப்பட்டு, குமிழ் இல்லாமல் நேரடியாகச் சவ்வைக் கடந்து உள்ளே போகின்றன. பெராக்ஸிசோமையும் பள்ளித் தேர்வுக்கும் நீட்டுக்கும் தொகுதிக்கு வெளியேதான் சேர்க்க வேண்டும். முதலில் சொன்ன நீட் கேள்விக்கு இனி மனப்பாடம் தேவையில்லை.

மைட்டோகாண்ட்ரியாவை 'ஆற்றல் நிலையம்' என்றதும் நம் பிள்ளைகளுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையம்தான் கண்ணில் வரும். ஒரு பக்கம் நிலக்கரி, மறுபக்கம் கம்பியில் மின்சாரம். ஒப்புமை கொஞ்ச தூரம்தான் வரும். குளுக்கோஸ் நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதில்லை, வெளியே சைட்டோபிளாசத்தில் பைருவேட்டாக உடைந்த பிறகே உள்ளே போகிறது. அடுத்து வரும் கிரெப்ஸ் சுழற்சி மைட்டோகாண்ட்ரியாவின் நடுவிலுள்ள மேட்ரிக்ஸில், எலக்ட்ரான் கடத்தல் அதன் இரண்டு சவ்வுகளில் உள்ளே இருக்கும் உட்சவ்வில். உட்சவ்வு கிரிஸ்டேயாக மடிந்திருப்பது பரப்பைக் கூட்டுவதற்கு. இந்த இடங்களைச் சார்ட்டில் எழுதிவையுங்கள், 'எங்கே நடக்கிறது' என்ற கேள்வி தப்பாமல் வரும்.

பீட்டா செல்லுக்கு ஒரு நிமிடம் திரும்புங்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை அதிகம் செய்கிறது. ஏடிபி கூடியதும் பொட்டாசியம் வாய்க்கால்கள் மூடுகின்றன, கால்சியம் உள்ளே வருகிறது, காத்திருந்த இன்சுலின் துகள்கள் பிளாஸ்மா சவ்வோடு இணைந்து திறக்கின்றன. இரண்டு நிறத்துக்கும் நடுவே அம்புக்குறி போட இதுதான் இடம்.

மைட்டோகாண்ட்ரியாவை ஏன் 'பாதி தன்னாட்சி' என்கிறார்கள்? மனிதனில் அதற்குச் சொந்தமாக 37 மரபணுக்கள், அவற்றில் 13 மட்டுமே புரதத்துக்கானவை. மீதி நூற்றுக்கணக்கான புரதங்களுக்கு உட்கருவை நம்பித்தான் இருக்கிறது.

தாவர செல்லில் பசுங்கணிகம் இருப்பதால் மைட்டோகாண்ட்ரியா வேண்டாம் என்று எழுதுவது இன்னொரு தவறு. இலைக்கும் இரவு உண்டு, வேருக்குப் பசுங்கணிகமே கிடையாது. இரண்டும் சுவாசித்தாக வேண்டும்.

பெராக்ஸிசோமுக்கு ஒற்றைச் சவ்வு. ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும் வேலைகளும், அதை உடைக்கும் கேட்டலேஸ் நொதியும் ஒரே இடத்தில்.

7. எண்களை மட்டும் பிரித்துப் படிக்க வேண்டிய இடம்

சென்ட்ரியோலில் மும்மையாக ஒன்பது நுண்குழல் கட்டுகள், நடுவில் ஒன்றுமில்லை. குறு இழையிலும் கசையிழையிலும் இரட்டையாக ஒன்பது, நடுவில் இரண்டு. இதை வரைந்து பார்க்காமல் படித்தால் நிச்சயம் மாறிப்போகும்.

ரைபோசோம் 80எஸ், அதன் பாகங்கள் 60எஸ், 40எஸ். கூட்டினால் நூறு வர வேண்டாமா என்று கேட்பார்கள். எஸ் என்பது எடை கிடையாது, சுழற்றும்போது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதன் அளவு. வேகத்தில் வடிவத்துக்கும் பங்கு உண்டு, அதனால் கூட்டல் பொருந்தாது.

8. செல்லைச் சொல்லி, நுண்ணுறுப்பை ஊகிக்கச் சொல்லுங்கள்

புத்தகத்தை மூடிவிட்டுச் செய்யுங்கள். எதிர்ப்புப் பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லில் எது நிறைந்திருக்கும்? வெளியே அனுப்பும் புரதம் என்பதால் சொரசொரப்பான வலை. டெஸ்டோஸ்டிரோன் செய்யும் லீடிக் செல்லில்? ஸ்டீராய்டு, ஆகவே வழவழப்பானது. ஓயாமல் துடிக்கும் இதயத் தசை செல்லின் கன அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா. விந்துவின் நடுப்பகுதியிலும் அதுவே, தலையில் உள்ள அக்ரோசோம் கோல்கையிலிருந்து வந்தது. ஆட்டின் சிவப்பணு? மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் கிளைக்காலிசிஸை மட்டும் வைத்து ஓட்டுகிறது, தான் சுமக்கும் ஆக்ஸிஜனைத் தானே செலவழிப்பதில்லை.

விடையைவிட 'ஏன்' என்பதை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். காரணம் சொல்ல வராவிட்டால் நான்காவது படிக்குத் திரும்புங்கள், எட்டாவதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை.

9. கடைசியாகப் படம்

பெயர் குறித்த படத்தை முதல் நாளே வரையாமல் இவ்வளவு தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு. இப்போது வரைபவர், கோல்கையை வலைக்கு அருகில் சரியான முகத்தோடு வைப்பார், உட்கரு உறையின் வெளிச்சவ்வை எண்டோபிளாச வலையோடு தொடர்ச்சியாக இழுப்பார், மைட்டோகாண்ட்ரியாவை உட்கருவுக்கு இணையாகப் பெரிதாக்க மாட்டார்.

பென்சிலில் மட்டும் வரையுங்கள், நிழல் தீட்ட வேண்டாம். பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது, ஒவ்வொன்றின் முனையும் உறுப்பைத் தொட வேண்டும். காற்றில் நிற்கும் கோட்டுக்கு மதிப்பெண் கிடைக்காது. உயர்நிலைத் தாவர செல்லில் சென்ட்ரியோல் போட்டுவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு பெராக்ஸிசோம் இருக்கிறதா என்று பாருங்கள், அதைத்தான் பெரும்பாலும் விட்டிருப்பார்கள்.